ஓரத்தில் ஒரு முட்டை

மாணவர்களின் தாளில் நான் சிவப்பு மையால் எழுதியதே இல்லை. முப்பத்தொரு வருட வேலையில் ஒருநாள்கூட இல்லை. சிவப்பைக் கண்டதும் பிள்ளைகளுக்கு மூளை நின்றுவிடும், கண் மட்டும் அந்தக் கோட்டிலேயே கிடக்கும். அதனால் கையில் பென்சில்தான் வைத்திருப்பேன். பிழை எந்த வரியில் தொடங்குகிறதோ அதற்கு நேராக, தாளின் ஓரத்தில், சின்னதாக ஒரு வட்டம் போடுவேன். என்ன பிழை என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரத்துக்குள் அவர்களே கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டும்.

பிள்ளைகள் அதற்கு முட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். என் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு உண்டு, முறைக்காகக் காத்திருப்பவர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்பதால் அவர்கள் பேச்சு உள்ளே கேட்கும்.

"உனக்கு எத்தன முட்டைடா?"

"மூணு. வா, ஆம்லெட் போடுவோம்."

எனக்கு அதில் பெருமைதான். பிழை தெரிகிற இடம் வேறு, தொடங்குகிற இடம் வேறு. நாற்பதாம் பக்கத்தில் தூண் மெலிந்துபோயிருக்கும், பார்த்தால் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் எண்ணைத் தப்பாக எடுத்திருப்பார்கள். முட்டை பன்னிரண்டாம் பக்கத்தில்தான் விழும். இதை ஒழுங்காக எழுதிக்கொள்ளுங்கள். என் வாக்குமூலத்தில் இது ஒன்றுதான் பாடம்.

என் பெயர் விர்யோனோ. பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவு விரிவுரையாளர். அடுத்த மாதம் ஓய்வு. யாரும் என்னை இந்தப் போலீஸ் நிலையத்துக்கு இழுத்து வரவில்லை, காலையில் நானே மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் ஏதோ காணாமல்போன அடையாள அட்டைக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்து வரிசையில் நிற்கச் சொன்னீர்கள். நின்றேன்.

உத்தாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருடம் முன்பு அவள் என்னிடம் இறுதித் திட்டம் செய்த மாணவி. அப்பா சோயாப்பாலில் டோஃபு செய்து விற்பவர். நான் ஒரு வாரம் கொடுக்கிற முட்டையை அவள் மறுநாளே உடைத்துக்கொண்டு வந்துவிடுவாள். அப்படி ஒரு பிள்ளை பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும். வரும்போது ஆசிரியருக்குச் சந்தோஷமாக இருக்கும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும். இரண்டாவதை யாரும் வெளியே சொல்வதில்லை.

மலையடிவாரத்தில் கர்ஜோசாரி என்று ஒரு கிராமம். சந்தைக்குப் போக ஆற்றைத் தாண்ட வேண்டும். கல்லூரியின் சமூகப் பணியாக அங்கே ஒரு தொங்கு நடைபாலம் போடுவது என்று முடிவானது. முதல் கணக்கு என்னுடையது. அதை விரிவாக்கி, வரைபடம் போட்டு, தன் இறுதித் திட்டமாகச் செய்ய வேண்டியது உத்தாரி. வரைபடத்தின் மூலையில் 'கணக்கிட்டவர்' என்று அவள் பெயரும் 'சரிபார்த்தவர்' என்று என் பெயரும் இருக்கும்.

தொங்குபாலத்தில் எல்லாம் வடத்தில் தொங்குகிறது. வடத்தின் நுனி கரைக்குள் புதைத்த ஒரு காங்கிரீட் கட்டியில் கட்டியிருக்கிறது. அதை நங்கூரக் கட்டி என்போம். அது மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும்வரைதான் பாலம். நான் போட்ட கணக்கில் கட்டியின் நீளம் ஒன்று புள்ளி எட்டு மீட்டர். ஜனவரியில் கல்லூரி முதல்வரும் நானும் போய் நின்று, அந்த அளவுக்குக் குழி தோண்டுவதைத் தொடங்கிவைத்தோம். எங்கள் வழக்கப்படி சடங்குக்கு வைத்த மஞ்சள் சோற்றுக் கூம்பின் நுனியை வெட்டி முதல்வர் எனக்குத்தான் முதலில் கொடுத்தார். அந்தப் படம் பிரிவின் சுவரில் இன்றும் தொங்குகிறது.

மார்ச் பதினான்காம் தேதி உத்தாரி அறைக்கு வந்தாள். காலணி நனைந்து சேறாக இருந்தது. கையில் ஒரு பிஸ்கட் டப்பா. பெஞ்சில் ஐந்து பேர் இருந்தார்கள்.

"பாக், ஒண்ணு சொல்வேன். கோவிச்சுக்கக் கூடாது."

எங்கள் ஊரில் அப்பாவுக்கும் ஆசிரியருக்கும் ஒரே சொல்தான், பாக். நீங்கள் சுமத்ராவின் மேடான்காரர், உங்களுக்கும் அது தெரியும்.

"சொல்லும்மா."

"நாம மண்ணு எடுத்தது அக்டோபர்ல. அப்பக் காஞ்சு கெடந்துச்சு. நேத்து மழையில போயி மறுபடி அள்ளிட்டு வந்தேன். பாருங்க, எங்கப்பா கடை டோஃபு மாதிரி கொழகொழன்னு இருக்கு. இந்த மண்ணுல நம்ம கட்டி வழுக்கிடும் பாக். ஒண்ணு புள்ளி எட்டு பத்தாது. ரெண்டு புள்ளி ஆறு வேணும்."

சொல்லிவிட்டுத் தாளை என் முன்னால் வைத்தாள். என்னுடைய கணக்குத் தாள். மண்ணின் எண் இருந்த வரிக்கு நேராக, ஓரத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம்.

அவள் குறும்புக்குப் போட்டாள். மரியாதையாகத்தான் போட்டாள் என்று இன்று சொல்வேன். நான் கற்றுக்கொடுத்ததை எனக்கே செய்துகாட்டினாள், அதைவிட ஒரு வாத்தியாருக்கு என்ன வேண்டும்? ஆனால் பெஞ்சிலிருந்து டனாங் என்ற பையன் எட்டிப் பார்த்துவிட்டான்.

"அட, பாக் விர்யோனோவுக்கே முட்டையா?"

ஐந்து பேரும் சிரித்தார்கள். உத்தாரியும் சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். அப்புறம் அழிப்பானை எடுத்து அந்த வட்டத்தை அழித்தேன்.

"அக்டோபர் மண்ணு ஆய்வுக்கூடத்துல பாத்தது. நீ பிஸ்கட் டப்பாவுல அள்ளிட்டு வந்தத வெச்சுப் பாலம் கட்ட முடியாது. பழைய நம்பருக்கே போ."

"இங்கிஹ், பாக்."

இந்தச் சொல்லை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ஊரில் ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் மேசையில் அடித்து இல்லை என்பீர்கள். ஜாவாவில் பெரியவர்களிடம் இங்கிஹ் என்போம். ஆமாம் என்று அர்த்தம். ஆனால் 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்பதற்கும் அதே சொல்தான். 'நீங்கள் சொல்வது தப்பு, ஆனால் நான் எப்படிச் சொல்வேன்' என்பதற்கும் அதே சொல்தான். எது எது என்று எங்களுக்குத் தெரியும். குரலிலேயே தெரிந்துவிடும்.

அன்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் என் எண்ணை நான் நம்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டல் அட்டை உண்டு. தேதி, குறிப்பு, என் சுருக்கொப்பம் என்று மூன்று கட்டம், வாரத்துக்கு ஒரு வரி. மாணவர் வராத வாரத்தின் வரியை வெறுமையாக விட வேண்டும் என்பது என் சட்டம். அதில் மட்டும் பேனாவால் எழுதுவேன், எல்லோரையும்போல நீல மை. அன்றைய வரியில் ஒரே ஒரு சொல் எழுதினேன்: 'திருத்துக.' அடுத்த வாரம் உத்தாரி டைஃபாய்டில் படுத்துவிட்டாள். அந்த வரி வெறுமையாக நின்றது. அதற்கடுத்த வாரம் பழைய எண்ணோடு வந்தாள். பிஸ்கட் டப்பா மண்ணைப் பற்றிய பக்கங்களைப் பிற்சேர்க்கையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். இங்கிஹ் என்றாள், எடுத்துவிட்டாள். ஏப்ரலில் காங்கிரீட் ஊற்றினார்கள். ஆகஸ்டில் நான் ஒப்புதல் கொடுத்தேன், அவள் பட்டம் வாங்கினாள். அன்று எனக்கு ஒரு பேனா கொண்டுவந்து கொடுத்தாள். பச்சை மைப் பேனா.

"சிவப்பு உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும் பாக். நீலம் எல்லார்கிட்டயும் இருக்கு. அதான் இது."

சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த ஜனவரியில் ஒன்பது நாள் விடாமல் மழை. பத்தாம் நாள் சந்தை நாள். காலை ஏழு மணிக்கு மேற்குக் கரைக் கட்டி மண்ணோடு வழுக்கிவிட்டது. பாலத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். டெம்பே என்ற சோயாப் பலகாரம் விற்கிற பாயினெம் என்ற அம்மா. அவருடைய கூடையைத் தூக்கிக்கொண்டு உதவிக்குப் பின்னால் வந்த சார்ஜு, பள்ளிக்கூட வாட்ச்மேன். பாயினெம் அன்றே கிடைத்தார். சார்ஜு கிடைக்க நான்கு நாள் ஆனது.

எனக்குச் செய்தி வந்தபோது வகுப்பில் இருந்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பிள்ளைகளுக்கு என் முகம் தெரியக் கூடாது என்பதுதான் அப்போது தோன்றியது. இறந்தவர்கள் யார் என்று கேட்கவேண்டும் என்பது மதியம்வரை தோன்றவே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

மறுநாள் உத்தாரியைக் கூப்பிட்டேன். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"பயப்படாதே. நான் இருக்கேன். உன் வழிகாட்டல் அட்டை இருக்கா?"

"இங்கிஹ், பாக்."

"எங்கிட்டக் குடு. பத்திரமா வெச்சிருக்கேன்."

இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் போனபிறகு அட்டையைப் பிரித்தேன். மார்ச் இருபத்தொன்று, டைஃபாய்டு வாரம், வெறும் வரி. பையிலிருந்த பேனாவை எடுத்து எழுதினேன்: 'நங்கூரக் கட்டியின் நீளம் போதாது. மழைக்கால மண்ணை எடுத்துப் பார்க்கவும்.' பக்கத்தில் சுருக்கொப்பம். அவள் எனக்குச் சொன்னது, நான் அவளுக்குச் சொன்னதாக ஆகிவிட்டது. முந்தைய வாரம் எழுதிய 'திருத்துக' என்ற சொல்லும் தானாகவே கட்சி மாறி எனக்குச் சாட்சி சொல்லத் தொடங்கியது. பொய் என்று பார்த்தால் ஒரே ஒரு வரிதான்.

பிப்ரவரியில் கல்லூரி விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஐந்து பேர். எங்கள் கல்லூரியில் எதற்கும் நகல் வேண்டும், ஐவர் முன்னாலும் அட்டையின் நகல் இருந்தது. கறுப்பு வெள்ளை. மூல அட்டையை உத்தாரியிடம் மட்டும் கொடுத்து, உன்னுடையதுதானா என்று கேட்டார்கள்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். மேலிருந்து கீழே எல்லா வரியும் நீலம். நடுவில் ஒரே ஒரு வரி பச்சை. மார்ச் மாதத் தேதி போட்ட வரி, ஆகஸ்டில் அவள் வாங்கிக் கொடுத்த பேனாவில்.

அந்த அறையில் அது புரிந்தவர்கள் இரண்டே பேர். எனக்குக்கூட அவள் முகத்தைப் பார்த்தபிறகுதான் உறைத்தது.

குழுத் தலைவர் கேட்டார்: "உன் வழிகாட்டி ரெண்டு வாட்டி எச்சரிச்சிருக்காரு. நீ கேக்கல. அப்படித்தானேம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. கணக்கில் பிழை தேடும்போது ஒரு பக்கத்தைப் பார்ப்பாளே, அப்படி.

"இங்கிஹ்."

'ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார்கள். ஐந்து பேரும் ஜாவாக்காரர்கள்தான். அந்த இங்கிஹ் எந்த இங்கிஹ் என்று அவர்கள் காதுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அட்டையில் வரி இருந்தது. எச்சரித்துவிட்டு ஏன் ஒப்புதல் கொடுத்தீர்கள் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

அவள் பட்டத்தை ரத்து செய்தார்கள். போலீஸ் வழக்கு, அவள் இரண்டு வீட்டிலும் மன்னிப்புக் கடிதம் கொடுத்ததோடு சமாதானமாக முடிந்தது. அந்த இரண்டு வீட்டுக்கும் அவளை என் காரில்தான் கூட்டிப்போனேன். தனியாக அனுப்ப மனசு வரவில்லை. பாயினெமின் கணவர் எங்களுக்குத் தித்திப்பாகத் தேநீர் கொடுத்தார். உத்தாரி தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வாத்தியாரு நீங்க. புள்ள தப்புப் பண்ணினாலும் கைவிடாம கூடவே வந்திருக்கீங்க."

நான் தேநீரைக் குடித்தேன். முழுவதும் குடித்தேன். மிச்சம் வைத்தால் அவர் மனம் வருந்துமே.

உத்தாரி பக்கத்து ஊரில் ஒரு நகல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மற்றப் பிள்ளைகளின் இறுதித் திட்டங்களுக்கு மேலட்டை போட்டுத் தருகிற வேலை. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அவளுக்கு ஒரு டப்பா பிஸ்கட் அனுப்புவேன். ஒரு வருடமும் தவறவில்லை. டப்பா திரும்பி வந்ததே இல்லை, ஆகவே அவள் நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நடுவில் ஒரு வருடம் எனக்குச் சிறந்த வழிகாட்டி என்று சான்றிதழ் தந்தார்கள். மேடைக்குப் போய் வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனால் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

இந்த வருடம் டப்பா திரும்பி வந்தது. முந்தாநாள். என் மனைவிதான் வாங்கினாள்.

"பாத்தீங்களா, வெளியில பிஸ்கட் படம். உள்ள எப்படியும் அரிசி வடகம்தான் இருக்கும், எல்லா வீட்டுலயும் அப்படித்தானே."

எனக்கு அந்த டப்பாவுக்குள் மண் இருக்கும் என்று பட்டது. மூடியைத் திறந்தாள். வடகம்தான், நன்றாகப் பொரித்தது. மனைவி ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். வடகத்துக்கு அடியில், எண்ணெய்த்தாளில் சுற்றி, ஒரு நகல் இருந்தது. அவளுடைய வழிகாட்டல் அட்டையின் நகல். ஆகஸ்டில் பட்டத்துக்குக் காட்டியபோது அவள் எடுத்துவைத்தது. மார்ச் இருபத்தொன்று அதில் வெறுமையாகவே இருந்தது.

விசாரணையன்றே இந்த நகல் அவளிடம் இருந்திருக்கிறது. மேசையில் வைத்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். வைக்கவில்லை. கடிதம் ஒன்றும் இல்லை, ஒரு வரிகூட இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு முட்டை மட்டும் இருந்தது.

நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று பத்து வருடம் கொடுத்திருக்கிறாள். நான் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் கொடுத்ததில்லை.

வெறும் வரிக்கு நேராகத்தான் முட்டை இருக்கும் என்று நினைத்தேன். அதைச் சொல்லத்தான் கிளம்பி வந்தேன். வெளியே வரிசையில் நின்றபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பிரித்துப் பார்த்தேன். முட்டை அங்கே இல்லை. ஒரு வரி மேலே இருந்தது. மார்ச் பதினான்கு. 'திருத்துக.'

பிழை தொடங்குகிற வரிக்கு நேராகத்தான் போட வேண்டும். அவளுக்கு அது மறக்கவில்லை.

ஆகவே நீங்கள் எழுதியதில் ஒரு திருத்தம். 'என் எண்ணை நான் நம்பினேன்' என்று சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள்.

அன்று உத்தாரி அறையைவிட்டுப் போனதும், அடுத்த பையனைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, அவள் மண்ணை வைத்து நானே கணக்குப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு புள்ளி ஆறு வந்தது. மறுபடி போட்டேன். இரண்டு புள்ளி ஆறுதான். காங்கிரீட் ஊற்ற இன்னும் மூன்று வாரம் இருந்தது, குழியை இன்னும் எண்பது சென்டிமீட்டர் நீட்டினால் போதும். ஒரு தொலைபேசி அழைப்பு. பெஞ்சில் அவர்கள் இன்னும் அந்த முட்டையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்குப் போட்ட அந்தத் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அடுத்த பையனை உள்ளே கூப்பிட்டேன். அவன் கணக்கில் மூன்று பிழை இருந்தது. மூன்றுக்கும் முட்டை போட்டேன்.